விலையில்லா மிதிவண்டியும் அதன் பராமரிப்புச் செலவும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவர் வருகையைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் சைக்கிளைப் பற்றிப் பேசப் போகிறேன். எங்கள் பள்ளியில் மேல்வகுப்பு மாணவர்களின் வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால், காய்ச்சலுக்கும் திருவிழாவுக்கும் அடுத்தபடியாக நிற்பது சைக்கிள்தான். விடுப்புக் கடிதத்தில் அது வராது. "உடல்நிலை சரியில்லை" என்றுதான் எழுதியிருக்கும். உடல்நிலை சரியில்லாதது வண்டிக்கு.

நம் பகுதியின் அமைப்பை முதலில் நினைத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் போல வீடுகள் நெருங்கி அமைந்த ஊர்கள் நம்மிடம் குறைவு. காங்கயம், தாராபுரம், பல்லடம் பக்கமெல்லாம் அவரவர் தோட்டத்தில் ஒரு சாளை, அதற்கு அரைக் கிலோமீட்டர் தள்ளி அடுத்த சாளை. இலவசப் பேருந்துப் பயண அட்டை எல்லாக் குழந்தைகளிடமும் இருக்கிறது. ஆனால் பேருந்து தார்ச்சாலையில் போகிறது, குழந்தை இட்டேரிக்குள் இருக்கிறது. சாளையிலிருந்து நிறுத்தத்துக்கு வரவே 3 கிலோமீட்டர். காலையில் ஒரு பேருந்தைத் தவறவிட்டால் அன்றைய முதல் இரண்டு பாடவேளை போச்சு.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் சைக்கிள் வந்தது. 2001-02ஆம் கல்வியாண்டில் மேல்நிலை வகுப்புகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காகத் தொடங்கிய திட்டம், பிறகு மற்ற மாணவியருக்கும் மாணவருக்கும் விரிந்து, இன்று அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருகிறது. சைக்கிள் கைக்கு வந்தால் பெண் பிள்ளை படிப்பாள் என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. பீகாரில் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் அதை ஆராய்ந்தார்கள். உயர்நிலை வகுப்பில், உரிய வயதில் சேரும் பெண்களின் எண்ணிக்கை அத்திட்டத்தால் 32 விழுக்காடு கூடியதாகக் கண்டார்கள். பள்ளி 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில்தான் பலன் அதிகம்.

நம் மாநிலத்துக்கே இதில் பழைய அனுபவம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொடுத்தார்கள். பெண்கள் ஓட்டும் வண்டி கடைகளில் தட்டுப்பாடாகிப் போக, பார் வைத்த ஆண்கள் வண்டியையே வாங்கி ஓட்டினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதிய கட்டுரை என்.சி.இ.ஆர்.டி.யின் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் இடம்பெற்றது.

ஆக, வண்டி கொடுப்பது நல்லது என்பதில் நமக்குள் விவாதம் இல்லை. என் பேச்சு, வண்டி கொடுத்த மறுநாளிலிருந்து தொடங்குகிறது.

ஓர் ஆடி மாதம். எங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி எட்டு வேலை நாள் தொடர்ந்து வரவில்லை. வீட்டுக்குப் போனேன். பள்ளியிலிருந்து 7 கிலோமீட்டர். அவள் அப்பா விசைத்தறிக்கும் அம்மா பனியன் கம்பெனிக்கும் போகிறவர்கள். வாசலில் வேப்பமரத்தடியில் வண்டி சாய்ந்து நிற்கிறது, பின்சக்கரம் தரையோடு ஒட்டியிருக்கிறது. "ஏன் சாமி வரலே?" என்று கேட்டேன். பிள்ளை பேசவில்லை. அம்மாதான் சொன்னார்: "வண்டி நிக்குதுங்க டீச்சர். போன சனிக்கிழமை சம்பளத்துல பார்க்கலாம்னு இருந்தோம், பாட்டிக்கு மாத்திரை வாங்கறாப்ல ஆயிருச்சுங்க. இந்தச் சனிக்கிழமை பார்த்துடறமுங்க." பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். "பக்கத்துச் சாளைப் புள்ளைக ரெண்டு மில்லுக்குப் போகுதுங்க. மில் வேன் வாசலுக்கே வருதுங்க டீச்சர்."

அந்தக் கடைசி வாக்கியத்தை ஒருமுறை யோசித்துப் பாருங்கள். மில் வேன் வாசலுக்கே வருகிறது. பள்ளிக்கூடம் 7 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, நடுவில் ஒரு காற்றுப் போன டியூப்.

அந்த வண்டிக்கு என்ன கேடு? எங்கள் ஊரில் நாற்பது வருடமாக சைக்கிள் கடை வைத்திருந்து இப்போது மூடிவிட்ட பெரியவர் ஒருவர் இருக்கிறார். வண்டியை மினி ஆட்டோவில் ஏற்றி அவரிடம் கொண்டு போனோம். வால்வின் மேல் எச்சில் தொட்டு வைத்தார். முட்டை விட்டது. "இதுல ஒண்ணுமில்லீங்க டீச்சர். பஞ்சரே இல்லை. வால்டியூப்பு இத்துப் போச்சுங்க" என்றார். விரல் நீளத்துக்குக்கூட இல்லாத ஒரு ரப்பர் துண்டு. சில்லறைக் காசு. எட்டு நாள்!

நம் சைக்கிள்களில் உள்ள வால்வு பழைய காலத்து அமைப்பு. டன்லப் 1888இல் பெல்பாஸ்ட் நகரில் காற்றடைத்த டயரைச் செய்தார். அதற்குச் சில வருடங்களுக்குள் வந்த வால்வு வகையைத்தான் இன்றும் நம் பிள்ளைகள் ஓட்டுகிறார்கள். உள்ளே ஒரு சிறு உலோகக் குழல், அதன் பக்கவாட்டில் ஒரு துளை, துளையை மூடிக்கொண்டு ஒரு ரப்பர் உறை. பம்பால் அடிக்கும்போது காற்று உறையைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். உள்ளே போன காற்றே உறையை அழுத்தித் துளையை மூடிவிடும். வெயிலில் நிற்கும் வண்டியில் அந்த ரப்பர் சில மாதங்களில் இளகிப் போகும் அல்லது வெடித்துப் போகும். காற்று மெதுவாக இறங்கும். வீட்டில் பஞ்சர் என்று நினைத்துக்கொள்வார்கள். பஞ்சர் கடை பேருந்து நிலையத்தில், அதுவும் பைக்குக்கும் காருக்கும்தான். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் நின்றால், "சைக்கிள் பார்க்கறதில்லீங்க" என்று திருப்பி அனுப்புகிற கடைகளே இப்போது அதிகம்.

பெரியவரையே பள்ளிக்கு அழைத்து வந்தோம். அவரிடமிருந்து எங்கள் பிள்ளைகள் கற்றதில் சிலவற்றை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, காற்று. வாரம் ஒருமுறை காற்றடிப்பதைவிட மலிவான பராமரிப்பு இல்லை. காற்றுக் குறைந்த டயர் கல்லில் ஏறும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கிப் பக்கத்தில் பக்கம் இரண்டு ஓட்டை விழும். டயரின் பக்கச் சுவரும் மடிந்து மடிந்து வெடிக்கும். இரண்டு வருடம் வர வேண்டிய டயர் ஒரே வருடத்தில் போய்விடும்.

முள் நம் ஊரின் தனிச் சொத்து. கொரங்காட்டுக்குக் கிளுவை வேலி, உள்ளே வெள்வேல் மரம், ஓடைக்கரையெல்லாம் சீமைக்கருவேல், மழை பெய்தால் பாதையெங்கும் நெருஞ்சி. முள் குத்திய டியூபை ஒட்டிவிட்டு அப்படியே மாட்டினால் மறுநாளே மறுபடி பஞ்சர் ஆகும். முள்ளின் நுனி டயருக்குள் முறிந்து நிற்கும். டயரின் உட்பக்கத்தைப் பழைய துணியால் சுற்றித் தடவினால் துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள் இருக்கிறது. விரலால் தடவக் கூடாது. ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காயும்வரை பொறுத்திருந்து ஒட்ட வேண்டும். ஈரத்தோடு ஒட்டுவதால்தான் பிடிப்பதில்லை. நம் பிள்ளைகளுக்குக் கடினமான பகுதி இந்தப் பொறுத்திருத்தல்தான்.

செயினுக்கு வீட்டில் இருக்கிற தேங்காய் எண்ணெயை விடுவது பழக்கம். அது நாளடைவில் பிசினாகிப் புழுதியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பைக் கடையில் வடித்த கறுப்பு ஆயிலில் ஏற்கெனவே உலோகத் தூள் இருக்கும். திருப்பூர்ப் பக்கம் தையல் மெஷின் எண்ணெய் கிடைக்காத தெரு உண்டா? அதை ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு விட்டு, பனியன் வேஸ்ட்டால் வெளியே இருப்பதைத் துடைத்துவிட வேண்டும். கெட்டியான எண்ணெய் இல்லையாதலால் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை விட வேண்டியிருக்கும். பரவாயில்லை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காற்று கிளம்பிவிடுகிறது. ஆடிக் காற்றில் மேற்கு முகமாக ஏழு கிலோமீட்டர் மிதிக்கிற குழந்தைக்குக் காய்ந்த செயின் எவ்வளவு பாரம் என்பது ஸ்கூட்டரில் போகிற நமக்குத் தெரியாது.

இன்னொன்று, புது வண்டியைப் பற்றியது. எந்த நிறுவனத்தின் புது வண்டியானாலும் முதல் மாதம் ஓடியதும் ஸ்போக்ஸ் கம்பிகள் கொஞ்சம் இளகும், பிரேக் தளரும், நட்டுகள் தளரும். அப்போது ஒருமுறை எல்லாவற்றையும் இறுக்கிக் கோட்டம் எடுத்துவிட்டால் வண்டி நெடுநாள் உழைக்கும். கிராங்க் கட்டையைப் பிடித்திருக்கும் காட்டர் பின் தளர்ந்து, மிதிக்கும்போது கடக் கடக் என்று சத்தம் வரும். அதோடு ஒரு மாதம் ஓட்டினால் பின் மட்டும் போகாது, கிராங்க் துளையும் அச்சும் தேய்ந்துவிடும். பத்து, இருபது ரூபாய் வேலை நூற்றுக்கணக்கில் போய் நிற்கும். ஆகவே மிதிவண்டி வழங்கும் விழா நடந்த நாளிலிருந்து முப்பதாவது நாளை எங்கள் பள்ளி நாட்காட்டியில் குறித்துவைக்கிறோம். விழாவுக்கு வந்த விருந்தினர்கள் அன்றைக்கு வர வேண்டியதில்லை.

பிரேக்கைப் பற்றி நீட்ட மாட்டேன். கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தால் அன்றே மாற்ற வேண்டும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இதைக் கவனியுங்கள். அக்காவின் வண்டியைக் குரங்குப் பெடல் போட்டு ஓட்டுவது உங்கள் நாலாம் வகுப்புப் பிள்ளைதான்.

இப்போது செலவுக் கணக்கு. நான் கணக்கு ஆசிரியை, அதனால் இதை விட முடியாது. ஒன்பதாம் வகுப்பில் புள்ளியியல் பாடத்துக்குச் செயல்திட்டமாக, வீட்டில் ஓடுகிற ஒரு சைக்கிளின் ஓராண்டுச் செலவை எழுதி வரச் சொன்னேன். எங்கள் பகுதி விலைதான், கடைக்குக் கடை மாறும். ஒரு மாணவனின் அக்கா ஓட்டும் வண்டி: ஒரு வழி 6 கிலோமீட்டர், நாளுக்கு 12, ஏறக்குறைய 200 நாளுக்கு 2,400 கிலோமீட்டர். ஏழு பஞ்சர், ஒன்றுக்கு 40 ரூபாய் வீதம் 280. பின்சக்கர டயரும் டியூபும் சேர்ந்து 580. பிரேக் கட்டை இரண்டு முறை, 120. பால்ரஸ் கழற்றிக் கிரீஸ் வைக்கும் ஓவராயிலுக்கு 350. எண்ணெய், வால்டியூப் என்று 70. மொத்தம் 1,400 ரூபாய்.

நாளுக்கு 7 ரூபாய், கிலோமீட்டருக்கு 60 பைசாவுக்கும் குறைவு. என் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் மட்டுமே கிலோமீட்டருக்கு 2 ரூபாய்க்கு மேல் ஆகிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் மலிவு. ஆனால் அந்த மாணவன் செலவுகளுக்கு எதிரே தேதியும் எழுதியிருந்தான். அந்தத் தேதிகளைப் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. செலவு நாளுக்கு 7 ரூபாயாக வருவதில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை 580 ரூபாயாக வருகிறது. நம் பகுதியில் வாரச் சம்பளம் சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை டயர் வெடித்தால் சனிக்கிழமைவரை வண்டி நிற்கும், ஞாயிறு கடை பூட்டு, திங்கட்கிழமை மாலைதான் வண்டி கைக்கு வரும். பதிவேட்டில் ஐந்து நாள். மாதச் சம்பளம் வாங்கும் நமக்கு 580 ரூபாய் ஒரு தொகை. வாரச் சம்பளக்காரருக்கு அது ஒரு கிழமை.

அதே வண்டிக்கு, காற்றை ஒழுங்காக வைத்து டயரை இரண்டு வருடம் ஓட்டி, பஞ்சரையும் கிரீஸ் வேலையையும் பிள்ளைகளே பள்ளியில் செய்துகொண்டால் என்ன ஆகும் என்று வகுப்பில் கணக்கிட்டோம். ஒட்டுத் துண்டுக்கு 35, டயர் கணக்கில் வருடத்துக்கு 290, பிரேக் 120, கிரீஸும் பால்ரஸும் 100, எண்ணெயும் வால்டியூபும் 70. ஆக 615 ரூபாய். பாதிக்கும் குறைவு. அதைவிட முக்கியம், பஞ்சர் சனிக்கிழமைக்குக் காத்திருப்பதில்லை. காலையில் தள்ளிக்கொண்டு வந்தால் மாலையில் ஓட்டிக்கொண்டு போகலாம்.

இதற்கு எங்கள் பள்ளியில் இருப்பது ஒரு மரப்பெட்டி. ஒரு நிற்கும் பம்ப், ஸ்பேனர்கள், டயர் கழற்றும் பட்டை இரண்டு, சொல்யூஷன், ஒட்டுத் துண்டுகள், ஒரு பழைய பேசின். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்தோம். பைக் பட்டறை வைத்திருக்கும் பெற்றோர் ஒருவர் ஸ்பேனர்களைக் கொடுத்தார், மற்றவை ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தன. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளைக்குப் பிறகு அரை மணி நேரம். மாணவர்களிடம் பணம் வாங்குவதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறோம். டயர், டியூப் போன்றவற்றை வீட்டில் வாங்கித் தர வேண்டும், கூலி கிடையாது. வாங்க முடியாத வீட்டுக்கு ஆசிரியர்கள் சிலர் முன்பணம் கொடுக்கிறோம், பெரும்பாலும் திரும்பி வருகிறது.

"எமிஸ் பதிவு, கணக்கெடுப்பு, பயிற்சி எல்லாம் போதாதென்று இப்போது பஞ்சரும் ஒட்ட வேண்டுமா டீச்சர்?" என்று எங்கள் ஓய்வறையிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. நான் இதுவரை ஒரு பஞ்சர்கூட ஒட்டியதில்லை. ஒட்டுவது பிள்ளைகள். எட்டாம் வகுப்பில் கற்றவன் பதினொன்றில் இருப்பவளுக்குச் சொல்லிக் கொடுக்கிறான். பாடத்தில் படிக்கவே சிரமப்படும் இரண்டு பையன்கள் கோட்டம் எடுப்பதில் பெரியவரிடமே பாராட்டு வாங்கினார்கள்.

ஒன்றை மட்டும் ஆசிரியர் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டும். முதல் இரண்டு வாரம் ஸ்பேனர் முழுக்கப் பையன்கள் கையிலேயே இருந்தது. பெண் பிள்ளைகள் வண்டியைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து அவரவர் வண்டியை அவரவர்தான் கழற்ற வேண்டும் என்று வைத்தோம். வழியில் வண்டி நின்றால் அவள் தனியாகத்தான் நிற்பாள், அங்கே எந்தப் பையன் வருவான்?

பாடத்தோடு சேர்க்க விரும்புகிறவர்களுக்கு வேண்டிய அளவு இருக்கிறது. முன்பல் சக்கரத்தில் 44 பல், பின்னால் பிரீவீலில் 18 பல் உள்ள வண்டியில், பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் 2.44 சுற்று. 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.07 மீட்டர். ஆகவே ஒரு மிதிச் சுற்றுக்கு 5 மீட்டர், 6 கிலோமீட்டருக்கு 1,200 சுற்று. விகிதம், சுற்றளவு இரண்டும் முடிந்துவிட்டன. செயின் தேய்வை ஓரடி ஸ்கேலால் அளக்கலாம். செயினில் ஊசிக்கு ஊசி அரை அங்குலம். எனவே 24 இடைவெளி சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். எட்டில் ஒரு பங்கு அங்குலம் கூடிவிட்டால் செயினை மாற்றியாக வேண்டும். இல்லாவிட்டால் அது பல் சக்கரங்களையும் சேர்த்துத் தின்றுவிடும். பின்னம் எதற்கு டீச்சர் என்று கேட்கிற பிள்ளையிடம் ஸ்கேலையும் செயினையும் கொடுத்துப் பாருங்கள்.

அந்த மாணவி அதற்கு அடுத்த திங்கட்கிழமையே பள்ளிக்கு வந்தாள், பொதுத்தேர்வு எழுதினாள், இப்போது கோவையில் ஒரு கல்லூரியில் படிக்கிறாள். அவள் வண்டியைத் தம்பி ஓட்டுகிறான். பின் டயர் இரண்டாவது டயர், செயின் இன்னும் முதல் செயின்தான். போன மாதம் அளந்தோம், பதினாறில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. இந்த வருடம் தாங்கும்.

பேச்சு முடிந்ததும் வாசலருகே மேசையைப் பாருங்கள். வால்டியூப் ஒரு கட்டு வைத்திருக்கிறேன். பள்ளிக்கு ஒன்றாக ஓர் அடி வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள், ஓர் அடியில் ஏழெட்டு வண்டிக்கு வரும். வெயில் படாத டப்பாவில் போட்டு வையுங்கள். மாட்டத் தெரியாதவர்களுக்கு எங்கள் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் வெளியே வண்டியோடு நிற்கிறார்கள், காட்டுவார்கள்.